விமானி அறைக் கதவை யாருக்காகத் திறப்பார்கள்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பல வருடம் கேபின் குழுவில் பறந்துவிட்டு, இப்போது புதிதாகச் சேருகிறவர்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்துக்கொண்டிருக்கிறேன். வகுப்பிலும் சரி, வெளியிலும் சரி, விமானத்தின் முன்பக்கம் எப்போதும் சாத்தியே இருக்கும் அந்தக் கதவைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். வந்த கேள்விகளையே எடுத்துப் பதில் எழுதியிருக்கிறேன். விதிகளின் நுணுக்கம் நாட்டுக்கு நாடு மாறும், நிறுவனத்துக்கு நிறுவனமும் கொஞ்சம் மாறும். அடிப்படை எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ஐகாவோ எனப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு வகுத்த தரங்கள்.

சின்ன வயதில் நான் காக்பிட்டுக்குள் போய்ப் பார்த்திருக்கிறேன். இப்போது ஏன் யாரையும் விடுவதில்லை?

2001 செப்டம்பர் 11தான் காரணம். அதற்கு முன்பு பல நிறுவனங்களில், விமானம் நிதானமாகப் பறந்துகொண்டிருக்கும்போது குழந்தைகளை உள்ளே கூட்டிப்போய்க் காட்டுவது சகஜம். கதவும் மெல்லிய கதவு. முரட்டு ஆள் ஒருவன் உள்ளே வந்தே தீருவேன் என்று நின்றால் அது தாங்காது.

அன்றைய பயிற்சியும் வேறு. கடத்துகிறவனுக்கு வேண்டியது பணம், அல்லது சிறையில் இருக்கும் கூட்டாளியின் விடுதலை. அவன் சொல்கிற இடத்துக்கு ஓட்டு, எதிர்க்காதே, பத்திரமாகத் தரையில் இறக்கு, மிச்சத்தைப் பேசித் தீர்த்துக்கொள்ளலாம் என்றுதான் விமானிகளுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். 1999 டிசம்பரில் காட்மாண்டுவிலிருந்து டெல்லிக்குக் கிளம்பிய ஐசி 814 கடத்தப்பட்டபோது, கடத்தல்காரர்கள் காக்பிட்டுக்குள்ளேயே நின்றுகொண்டு கேப்டன் தேவி சரணை அமிர்தசரஸ், லாகூர், துபாய்ப் பக்கம், கடைசியில் கந்தகார் என்று ஓட்ட வைத்தார்கள். விமானியை உயிரோடு வைத்திருந்தால்தான் விமானம் பறக்கும், கடத்துகிறவனுக்கும் உயிர் மேல் ஆசை இருக்கும் என்ற நம்பிக்கையில்தான் அந்தப் பயிற்சி நின்றது. செப்டம்பர் 11 அன்று வந்தவர்கள் விமானம் ஓட்டக் கற்றுக்கொண்டு வந்தார்கள், சாகவும் துணிந்து வந்தார்கள். நான்கு விமானங்கள், கிட்டத்தட்ட 3,000 உயிர்கள். பழைய நம்பிக்கை ஒரே காலையில் நொறுங்கியது.

எனக்கு ஆறாத வருத்தம் ஒன்று உண்டு. எச்சரிக்கை முன்பே வந்திருந்தது. 1999 ஜூலையில் ஜப்பானில் ஆல் நிப்பான் நிறுவனத்தின் 61ஆம் எண் விமானத்தில் ஒருவன் கத்தியோடு காக்பிட்டுக்குள் நுழைந்து, துணை விமானியை வெளியே அனுப்பிவிட்டு, கேப்டனைக் குத்திக் கொன்றான். 500 பேருக்கு மேல் இருந்த அந்த ஜம்போ விமானத்தை அவனே ஓட்டத் தொடங்கிவிட்டான். வெளியே இருந்தவர்கள் உள்ளே புகுந்து அவனை மடக்கியதால் மற்றவர்கள் பிழைத்தார்கள். 2000 டிசம்பரில் லண்டனிலிருந்து நைரோபிக்குப் போன பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் மனநிலை பாதிக்கப்பட்ட பயணி ஒருவர் உள்ளே பாய்ந்து கட்டுப்பாட்டைப் பிடித்து இழுத்தார். விமானம் ஆயிரக்கணக்கான அடி சரிந்தது, மயிரிழையில் மீண்டது. இவ்வளவுக்குப் பிறகும் உலகம் கதவை மாற்றவில்லை.

இப்போதுள்ள கதவு குண்டு துளைக்காததா?

கைத்துப்பாக்கிச் சூட்டையும் கையெறி குண்டின் சிதறலையும் தாங்க வேண்டும், ஆட்கள் இடித்துத் திறக்க முடியாதபடி இருக்க வேண்டும் என்பது ஐகாவோவின் தரம். 45,500 கிலோவுக்கு மேல் எடையுள்ள, அல்லது 60 இருக்கைக்கு மேல் உள்ள பயணிகள் விமானங்களுக்கு 2003 நவம்பர் 1 முதல் இது கட்டாயம். அமெரிக்கா அதே ஆண்டு ஏப்ரலிலேயே கெடு வைத்து முடித்துவிட்டது. இரண்டு விமானிகளும் தங்கள் இருக்கையில் இருந்தபடியே பூட்டவும் திறக்கவும் முடிய வேண்டும். கதவுக்கு வெளியே யார் நிற்கிறார்கள் என்று பார்க்கவும் வழி இருக்க வேண்டும். கதவுக்கு வெளியே கேமரா வைத்திருப்பது அதற்காகத்தான்.

இதில் பொறியாளர்களுக்கு ஒரு பெரிய சிக்கல் இருந்தது. மனிதன் எவ்வளவு மோதினாலும் திறக்கக் கூடாத கதவு, காற்று மோதினால் வழிவிட வேண்டும். பறக்கும்போது காக்பிட் கண்ணாடி உடைந்து காற்றழுத்தம் திடீரென்று இறங்கினால், கேபினில் இருக்கும் காற்று முழு வேகத்தோடு முன்னால் பாயும். கதவு அப்போதும் இறுகியே இருந்தால் தடுப்புச் சுவரே பிய்ந்து போகலாம். அதனால் அழுத்த வேறுபாட்டை உணர்ந்து தானாக வழிவிடும் ஏற்பாடு கதவிலேயே இருக்கிறது. விபத்தில் கதவு நெளிந்து சிக்கிக்கொண்டால் விமானிகள் உள்ளிருந்து வெளியேறவும் வழி வேண்டும். ஒரு பக்கத்திலிருந்து கோட்டை, மறு பக்கத்திலிருந்து அவசர வழி. அந்த ஒரு கதவுக்குள் இத்தனையும் இருக்கிறது.

எந்த நேரம் முதல் எந்த நேரம் வரை பூட்டியிருக்க வேண்டும்?

பயணிகள் ஏறி முடிந்து விமானத்தின் வெளிக்கதவுகள் எல்லாம் சாத்திய நொடியிலிருந்து, இறங்குவதற்காக ஒரு வெளிக்கதவு திறக்கும் வரை. அனுமதி உள்ளவர்கள் போய்வரத் திறக்கலாம். அதைத் தவிர வேறு விலக்கு கிடையாது.

சரி, அந்த "அனுமதி உள்ளவர்கள்" யார்?

அந்த விமானத்தில் பணியில் இருக்கும் குழுவினர். விமானப் போக்குவரத்துத் துறையின் ஆய்வாளர், அவர் அன்று பணி நிமித்தமாக வந்திருந்தால். அப்புறம் நிறுவனத்தின் நடைமுறைக் கையேடு பெயர் குறித்து அனுமதிக்கும் சிலர்: பயிற்சியில் இருக்கும் விமானி, மதிப்பீடு செய்ய வந்த மூத்த விமானி, சில நிறுவனங்களில் பொறியாளர். பட்டியல் இவ்வளவு சின்னதுதான்.

பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக உள்ளே போய்விடவும் முடியாது. கடைசி வார்த்தை கேப்டனுடையது. ஐரோப்பிய விதி இதை நேராகவே சொல்கிறது. அமெரிக்க விதியோ, பாதுகாப்பை முன்னிட்டு யாரையும் காக்பிட்டிலிருந்து விலக்கிவைக்கும் கேப்டனின் அவசர அதிகாரத்தை இந்தப் பட்டியல் குறைக்காது என்கிறது.

கேப்டனே விரும்பினால், தன் பிள்ளையையோ நண்பரையோ உட்கார வைக்கலாமே?

கூடாது. கேப்டனுக்கு இருப்பது, அனுமதி உள்ளவரையும் வேண்டாம் என்று சொல்லும் அதிகாரம். அனுமதி இல்லாதவரை உள்ளே அழைக்கும் அதிகாரம் அவருக்கும் இல்லை. இந்த இடத்தில்தான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். 2023 பிப்ரவரியில் துபாயிலிருந்து டெல்லி வந்த ஒரு விமானத்தில் விமானி தனக்குத் தெரிந்தவரைக் காக்பிட்டுக்குள் அனுமதித்தார். கட்டுப்பாட்டு அமைப்பு அவருடைய உரிமத்தை மூன்று மாதம் நிறுத்தி வைத்தது, நிறுவனத்துக்கும் அபராதம் போட்டது.

விதி ஏன் இவ்வளவு கறாராக இருக்கிறது என்று கேட்பவர்களுக்கு நான் 1994 மார்ச் 23 அன்று நடந்ததைச் சொல்வேன். மாஸ்கோவிலிருந்து ஹாங்காங் போன ஏரோஃப்ளோட் 593, ஏர்பஸ் ஏ310. மாற்று கேப்டன் தன் மகளையும் மகனையும் காக்பிட்டுக்கு அழைத்து வந்து இருக்கையில் உட்கார வைத்தார். ஆட்டோபைலட் ஓட்டிக்கொண்டிருந்ததால் பிள்ளைகள் கை வைத்தாலும் ஒன்றும் ஆகாது என்று நினைத்தார். மகன் கட்டுப்பாட்டை விடாமல் அழுத்திப் பிடித்ததில் ஆட்டோபைலட்டின் ஒரு பகுதி மட்டும் விலகிக்கொண்டது. விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் பகுதி அது. ஒரு விளக்கு எரிந்தது, சத்தம் எதுவும் வரவில்லை, யாரும் கவனிக்கவில்லை. விமானம் மெல்லச் சாய்ந்து, அப்புறம் வேகமாகச் சாய்ந்து, கடைசியில் சைபீரியாவில் விழுந்தது. 75 பேர் இறந்தார்கள். அந்த அப்பா கெட்டவர் இல்லை. பிள்ளைகளுக்குத் தன் வேலையைக் காட்ட ஆசைப்பட்டவர். அந்த ஆசைக்கு விமானத்தில் இடம் இல்லை என்பதால்தான் விதி இருக்கிறது.

விமானிகள் சாப்பிடவும் கழிவறைக்குப் போகவும் வேண்டுமே, அப்போது என்ன செய்வார்கள்?

ஒரு முறை கதவு திறப்பதற்கு எவ்வளவு வேலை நடக்கிறது என்று பயணிகளுக்குத் தெரியாது. நான் செய்த மாதிரியே சொல்கிறேன்.

இன்டர்காம் ஒலிக்கிறது. "வெளியே வரணும், முன்னாடி எப்படி இருக்கு?" என்று கேப்டன் கேட்கிறார். நான் முதலில் முன்பக்கக் கழிவறையைத் தட்டிப் பார்ப்பேன், உள்ளே ஆள் இருந்தால் வெளியே வரும் வரை காத்திருப்போம். வரிசையில் நிற்பவரை, "கொஞ்சம் உங்கள் இருக்கையில் உட்காருங்கள், நானே வந்து கூப்பிடுகிறேன்" என்று அனுப்புவேன். திரையை இழுத்து விடுவேன். உணவு வண்டியை நடைபாதைக்குக் குறுக்கே நிறுத்தி பிரேக்கை மிதிப்பேன். அதற்குப் பின்னால் ஒருவர் கேபினைப் பார்த்தபடி நிற்பார். காக்பிட்டுக்கு முதுகு, பயணிகளுக்கு முகம். எல்லாம் சரி என்று இன்டர்காமில் சொன்னதும் உள்ளே இருப்பவர் கேமராவில் பார்ப்பார், தாழ்ப்பாள் விலகும் சின்னச் சத்தம் கேட்கும். கதவு ஆள் நுழையும் அளவுக்குத் திறந்து உடனே மூடிவிடும். திரும்பிப் போகும்போதும் இதையே முதலிலிருந்து செய்ய வேண்டும்.

புதிதாக வருகிறவர்களுக்கு முதல் மாதத்தில் இது பெரிய சடங்கு போலத் தெரியும், ஆறாவது மாதத்தில் அலுப்பாகிவிடும். அலுப்பு வரும் இடம்தான் ஆபத்தான இடம். வண்டியைக் குறுக்கே நிறுத்தாமல், "ஒரு நிமிஷம்தானே" என்று திறந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். அன்று எதுவும் நடக்கவில்லை. எதுவும் நடக்காத நாட்கள்தான் இந்தப் பழக்கத்தை அரித்துவிடும்.

நான் கழிவறைக்காக முன்னால் நின்றால் ஏன் விரட்டுகிறார்கள்?

மேலே சொன்னதுதான் காரணம். உங்கள் மேல் சந்தேகம் எதுவும் இல்லை. கதவைச் சுற்றி ஆள் இல்லாத இடம் வேண்டும், அவ்வளவுதான்.

இரண்டு விமானிகளும் மயங்கி விழுந்துவிட்டால் வெளியிலிருந்து யாராலும் திறக்க முடியாதா?

முடியும். கேபின் குழுவிடம் ஓர் அவசர முறை இருக்கிறது. வெளியே உள்ள எண்பலகையில் அதற்கான எண்ணை அழுத்தினால் காக்பிட்டுக்குள் எச்சரிக்கை ஒலிக்கும். ஒரு குறிப்பிட்ட நேரத்துக்குள் உள்ளே இருப்பவர் எதுவும் செய்யாவிட்டால் பூட்டு சில நொடி விலகும். உள்ளே இருப்பவர் நல்ல நினைவோடு இருந்து, ஏதோ தவறு என்று நினைத்தால், அந்தக் கோரிக்கையை மறுத்துப் பூட்டிவிடலாம். அதாவது வெளியிலிருப்பவர் கேட்கலாம், தீர்மானிப்பவர் உள்ளே இருப்பவர். கால அளவுகளை இங்கே எழுத மாட்டேன், அது பணியாளர்களுக்குள் இருக்க வேண்டிய விஷயம்.

இந்த முறை ஏன் தேவை என்பதற்கு 2005 ஆகஸ்ட் 14 அன்று நடந்த ஹீலியோஸ் 522 விபத்தைச் சொல்வார்கள். சைப்ரஸிலிருந்து ஏதென்ஸ் போன போயிங் 737. காற்றழுத்தத்தைச் சீராக்கும் கருவி தானியங்கி நிலையில் இல்லாததைக் கவனிக்காமல் மேலேறினார்கள். காற்று மெலிந்து விமானிகள் நினைவிழந்தார்கள். ஆட்டோபைலட் விமானத்தை ஏதென்ஸுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வட்டமடிக்க வைத்தது. விசாரிக்க வந்த கிரேக்கப் போர் விமானிகள், கேபின் பணியாளர் ஒருவர் காக்பிட்டுக்குள் வந்து கேப்டன் இருக்கையில் உட்கார்வதைக் கண்ணால் பார்த்தார்கள். அதற்குள் எரிபொருள் தீர்ந்துகொண்டிருந்தது. 121 பேரும் இறந்தார்கள்.

அப்படி ஒரு வழி இருந்தும் ஜெர்மன்விங்ஸ் விபத்தில் கேப்டனால் ஏன் உள்ளே போக முடியவில்லை?

மறுத்துப் பூட்டும் அதிகாரம் உள்ளே இருப்பவரிடம் இருந்தது. ஆபத்தும் அவரேதான்.

2015 மார்ச் 24. பார்சிலோனாவிலிருந்து டுசல்டார்ஃப் போன ஏ320. பறக்கும் உயரத்துக்கு வந்ததும் கேப்டன் கழிவறைக்காக வெளியே போனார். துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டு, ஆட்டோபைலட்டில் உயரத்தை 100 அடி என்று மாற்றினார். பத்து நிமிட அளவுக்கு விமானம் இறங்கிக்கொண்டே இருந்தது. குரல் பதிவில் கேப்டன் அழைப்பது கேட்கிறது, தட்டுவது கேட்கிறது, கதவை எதையோ கொண்டு ஓங்கி அடிப்பது கேட்கிறது. உள்ளே மூச்சுச் சத்தம் மட்டும். ஆல்ப்ஸ் மலையில் மோதி 150 பேரும் இறந்தார்கள். அதற்கு முந்தைய ஒன்றரை ஆண்டுக்குள், 2013 நவம்பரில், மொசாம்பிக்கின் எல்ஏஎம் 470 விமானத்திலும் இதேதான் நடந்தது. அங்கே கேப்டன் உள்ளே, துணை விமானி வெளியே. 33 பேர் இறந்தார்கள்.

வெளியாளுக்காகச் செய்த கதவு உள்ளே இருப்பவருக்குக் கவசமாகிவிட்டது. அதற்காகக் கதவையே குறை சொல்லவும் முடியாது. 2012 மார்ச்சில் அமெரிக்காவில் ஜெட்புளூ 191 விமானத்தில் கேப்டனுக்கே மனநிலை பிறழ்ந்து தாறுமாறாகப் பேசத் தொடங்கினார். அவர் வெளியே போன சமயம் பார்த்துத் துணை விமானி கதவைப் பூட்டிக்கொண்டார். கேப்டன் கதவை இடித்தார், பயணிகள் அவரை அமுக்கிப் பிடித்தார்கள், விமானம் பத்திரமாக இறங்கியது. அதே பூட்டுதான், இந்த முறை எல்லோரையும் காப்பாற்றியது.

எப்போதும் இரண்டு பேர் உள்ளே இருக்க வேண்டும் என்ற விதி இன்னும் இருக்கிறதா?

சில நாடுகளில் இருக்கிறது. அமெரிக்காவில் ஜெர்மன்விங்ஸ் விபத்துக்கு முன்பிருந்தே இந்த வழக்கம் உண்டு: ஒரு விமானி வெளியே போனால் கேபின் குழுவில் ஒருவர் உள்ளே போய் நிற்பார். ஐரோப்பாவில் விபத்து நடந்த மூன்றே நாளில் இதைப் பரிந்துரைத்தார்கள். அடுத்த ஆண்டு, ஒவ்வொரு நிறுவனமும் தன் ஆபத்தை அளந்து பார்த்துத் தானே முடிவு செய்யலாம் என்று தளர்த்தினார்கள். கதவு அதிக நேரம் திறந்திருக்கிறது, காக்பிட்டுக்குள் கூடுதலாக ஆள் போய்வருகிறார் என்பது தளர்த்தியவர்களின் வாதம்.

அந்த இரண்டாவது ஆளாக நான் பல முறை நின்றிருக்கிறேன். தீர்மானத்தோடு இருக்கும் ஒரு விமானியை நான் தடுத்திருக்க முடியுமா? தெரியாது. ஆனால் என்னால் கதவைத் திறந்துவிட முடியும், வெளியே இருப்பவர் உள்ளே வர முடியும். அந்த ஒரு காரணத்துக்காகவே இந்த வழக்கம் இருக்க வேண்டும் என்பது என் கருத்து.

அதைவிட முக்கியமானது வேறு. ஜெர்மன்விங்ஸ் துணை விமானிக்கு மனநோய் இருந்தது, மருத்துவர்கள் வேலைக்குத் தகுதியில்லை என்று சான்றும் எழுதியிருந்தார்கள். அவர் அதை நிறுவனத்திடம் மறைத்தார். உரிமம் போய்விடும், பிழைப்பு போய்விடும் என்ற பயம் இருக்கும் வரை யாரும் வாயைத் திறக்க மாட்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2018இல் கொண்டுவந்த விதிகளில், வேலைக்கு எடுக்கும் முன் உளவியல் மதிப்பீடு, சக விமானிகளிடமே மனம்விட்டுப் பேச ஓர் ஆதரவுத் திட்டம் இரண்டும் இருக்கின்றன. இரண்டாவதுதான் உண்மையான பூட்டு என்று நான் நம்புகிறேன்.

பணியில் இல்லாத விமானி ஜம்ப் சீட்டில் உட்கார்ந்து வரலாமா?

காக்பிட்டில் விமானிகளுக்குப் பின்னால் இருக்கும் மடக்கு இருக்கைதான் ஜம்ப் சீட். நிறுவனமும் நாட்டின் விதியும் அனுமதித்து, அடையாளம் சரிபார்த்து, கேப்டனும் ஒப்புக்கொண்டால் வரலாம். 2023 அக்டோபரில் அமெரிக்காவில் ஹொரைசன் 2059 விமானத்தில் அப்படி வந்த விமானி ஒருவர், இன்ஜின் தீயணைப்புக் கைப்பிடிகளைப் பிடித்து இழுக்க முயன்றார். முழுக்க இழுத்திருந்தால் இன்ஜினுக்குப் போகும் எரிபொருள் நின்றிருக்கும். விமானிகள் உடனே அவர் கையைப் பிடித்துத் தடுத்து, காக்பிட்டை விட்டு வெளியேற்றி, விமானத்தைப் போர்ட்லாந்தில் இறக்கினார்கள். அடையாள அட்டை ஒருவர் யார் என்று சொல்லும், அன்று எப்படி இருக்கிறார் என்று சொல்லாது. அதனால்தான் ஜம்ப் சீட் கேட்டு வருபவரிடம் கேப்டன் இரண்டு வார்த்தை பேசிப் பார்க்க வேண்டும்.

விமானத்தின் பாதுகாப்புக்கு யார் பொறுப்பு? கேப்டனா, நிறுவனமா, விமான நிலையமா?

சோதனைச் சாவடி, பெட்டிகளைச் சோதிப்பது, வேலிக்குள் யார் வருகிறார்கள் என்று பார்ப்பது எல்லாம் அரசும் விமான நிலையமும் செய்ய வேண்டியவை. பயிற்சி, கையேடு, கதவு, கேமரா நிறுவனத்தின் பொறுப்பு. வெளிக்கதவுகள் சாத்தியதும் உள்ளே இருக்கும் குழு, பயணிகள், சரக்கு அனைத்தின் பாதுகாப்பும் கேப்டனின் தலையில் வருகிறது.

பொறுப்பைச் சுமக்க வேண்டுமானால் தகவல் கைக்கு வர வேண்டும். அதனால் கதவு சாத்துவதற்கு முன்பே சில விஷயங்களைக் கேப்டனிடம் கட்டாயம் சொல்லியாக வேண்டும்: ஆயுதத்தோடு யாராவது பயணம் செய்கிறார்களா, எத்தனை பேர், எந்த இருக்கை. காவலில் அழைத்துச் செல்லப்படுபவரோ நாடு கடத்தப்படுபவரோ இருக்கிறாரா. சரக்கில் ஆபத்தான பொருள் உண்டா. பெட்டியைப் போட்டுவிட்டு ஏறாமல் போன பயணி இருந்தால் அந்தப் பெட்டி இறக்கப்பட்டதா. பெட்டியைத் தேடி இறக்குவதில் அரை மணி நேரம் தாமதம் ஆனால் பயணிகள் கோபப்படுவார்கள். 1985இல் ஏர் இந்தியா 182, 1988இல் பான் ஆம் 103, இரண்டிலும் வெடித்த குண்டு ஆள் ஏறாமல் பெட்டி மட்டும் ஏறி வந்ததுதான். அந்த அரை மணி நேரத்தைக் குறைக்கக் கேட்காதீர்கள்.

கேப்டன் ஒரு பயணியைக் கட்டிப்போடச் சொல்லலாமா? சட்டம் இடம் கொடுக்கிறதா?

கொடுக்கிறது. 1963இல் டோக்கியோவில் கையெழுத்தான உடன்படிக்கை 1969 முதல் நடைமுறையில் இருக்கிறது. விமானத்தின் பாதுகாப்பையோ ஒழுங்கையோ ஒருவர் குலைக்கிறார், அல்லது குலைக்கப் போகிறார் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தால், கேப்டன் தேவையான அளவுக்கு நடவடிக்கை எடுக்கலாம், கட்டிவைக்கவும் செய்யலாம். இறங்கும் இடத்தில் இறக்கிவிடலாம், கடுமையான குற்றம் என்றால் அதிகாரிகளிடம் ஒப்படைக்கலாம். அப்படி நியாயமாகச் செய்ததற்காக அவர் மேல் பிறகு வழக்கு நிற்காது.

அந்த உடன்படிக்கையில் எனக்குப் பிடித்த நுணுக்கம் ஒன்று: குழுவினரைக் கேப்டன் உதவச் சொல்லி உத்தரவிடலாம். பயணிகளிடம் கேட்கலாம், அனுமதிக்கலாம், ஆனால் உத்தரவிட முடியாது. முரட்டு ஆளைப் பிடிக்க ஒரு பயணி எழுந்து வந்தால், அது அவராக மனமுவந்து வந்ததுதான்.

கேபினில் சண்டை நடந்தால் விமானி வெளியே வந்து பார்க்க மாட்டாரா?

மாட்டார், வரவும் கூடாது. 2001க்கு முன்பு கேப்டன் வெளியே வந்து அதட்டி அடக்கியது உண்டு. இப்போது கேபினில் என்ன கலவரம் நடந்தாலும் கதவு மூடியே இருக்கும். சண்டையே கதவைத் திறக்க வைக்கும் தந்திரமாக இருக்கலாம்.

ஐகாவோ இதை நான்கு படியாகப் பிரிக்கிறது. வாய்த் தகராறு முதல் படி. கை வைப்பது இரண்டாவது. உயிருக்கு ஆபத்தான செயல் மூன்றாவது. காக்பிட்டுக்குள் நுழைய முயல்வது நான்காவது. எந்தப் படி என்று கேபின் குழு இன்டர்காமில் சொன்னாலே கேப்டனுக்குப் படம் கிடைத்துவிடும். எங்கே இறங்குவது, தரையில் போலீஸ் வேண்டுமா என்று அவர் பார்த்துக்கொள்வார்.

வெளியே ஒருவரின் கழுத்தில் கத்தி வைத்து "கதவைத் திற" என்றால்?

வகுப்பில் இந்தக் கேள்வி வரும்போது அறை அமைதியாகிவிடும். பதில்: திறக்கக் கூடாது. கேமராவில் தெரியும் முகம் கூடவே பல வருடம் பறந்த தோழியின் முகமாக இருந்தாலும் சரி. அந்த வேலையில் சேரும் நாங்கள் எல்லோரும் இதைத் தெரிந்துகொண்டுதான் கதவுக்கு இந்தப் பக்கம் நிற்கிறோம்.

உள்ளே இருப்பவர்கள் சும்மா உட்கார்ந்திருக்க மாட்டார்கள். விமானத்தின் அடையாள எண்ணைத் தரைக்கு அனுப்பும் டிரான்ஸ்பாண்டர் கருவியில் 7500 என்று மாற்றினால் விமானம் சட்டவிரோதமாகப் பிடிக்கப்பட்டது என்று தரையில் தெரிந்துவிடும். கூடிய சீக்கிரம் பக்கத்தில் பொருத்தமான இடத்தில் இறங்குவார்கள். தரைக்கு வந்துவிட்டால் வழிகள் அதிகம்.

1986 செப்டம்பர் 5 அன்று கராச்சியில் நின்றுகொண்டிருந்த பான் ஆம் 73இல் ஆயுதம் ஏந்தியவர்கள் ஏறியபோது, கேபின் குழு எச்சரித்ததும் விமானிகள் காக்பிட்டின் மேல்புற வழியாக இறங்கித் தப்பினார்கள். பயணிகளை விட்டுவிட்டு ஓடினார்கள் என்று இன்றும் சிலர் திட்டுகிறார்கள். எனக்கு அந்தக் கோபம் புரிகிறது, அங்கே நின்று உயிர்விட்ட கேபின் பணியாளர் நீரஜா பனோட்டை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. ஆனால் விமானி இல்லாத விமானம் பறக்காது. அதைத் தரையிலேயே நிறுத்தி வைத்தது அந்த வெளியேற்றம்தான்.

விமானிகளிடம் துப்பாக்கி இருக்குமா?

பெரும்பாலான நாடுகளில் கிடையாது. அமெரிக்காவில் 2002இல் சட்டம் போட்டு, தாமாக முன்வரும் விமானிகளுக்குப் பயிற்சி கொடுத்து, காக்பிட்டைக் காக்க மட்டும் துப்பாக்கி வைத்திருக்க அனுமதிக்கிறார்கள்.

இரண்டாவது தடுப்பு என்கிறார்களே, அது என்ன?

விமானி வெளியே வரும் அந்தச் சில நொடிதான் பலவீனமான நேரம். உணவு வண்டியைக் குறுக்கே நிறுத்துவது அதற்காகத்தான் என்று சொன்னேன். வண்டிக்குப் பதிலாக நிரந்தரமாகப் பொருத்திய மடக்குத் தடுப்பு வேண்டும் என்று விமானிகளின் சங்கங்கள் வெகுகாலம் போராடின. புதிதாகத் தயாராகும் பயணிகள் விமானங்களுக்கு அதைக் கட்டாயமாக்கி அமெரிக்கா 2023 ஜூனில் விதி போட்டது. பழைய விமானங்களில் இன்னும் வண்டிதான். என் கணிப்பில் இது இருபது வருடம் தாமதம்.

டேக் ஆஃப், லேண்டிங் நேரத்தில் கேபின் குழு கூட விமானிகளை அழைக்கக் கூடாதாமே?

10,000 அடிக்குக் கீழே வேலைக்குத் தேவையில்லாத எந்தப் பேச்சும் கூடாது என்று அமெரிக்கா 1981இல் விதி கொண்டுவந்தது, மற்றவர்களும் பின்பற்றினார்கள். 1974இல் சார்லட் நகரில் இறங்கும் நேரத்தில் விமானிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருந்து, விமானம் விழுந்து 72 பேர் இறந்ததை யாரும் மறக்கவில்லை.

ஆனால் "தேவையில்லாத" என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள். புகை, தீ, விசித்திரமான சத்தம், இறக்கையில் பனி போன்றவற்றை எந்த நேரத்திலும் சொல்லலாம், சொல்லியே ஆக வேண்டும். 1989 ஜனவரியில் இங்கிலாந்தின் கெக்வொர்த்தில் விழுந்த 737இல் கெட்டுப்போனது இடது இன்ஜின், விமானிகள் அணைத்தது வலது இன்ஜினை. வலது பக்கம் கோளாறு என்று கேப்டன் அறிவித்தபோது, இடது பக்கம் நெருப்பைக் கண்ணால் பார்த்தவர்கள் பின்னால் இருந்தார்கள். விமானிக்குத் தெரியாததா என்று பேசாமல் இருந்துவிட்டார்கள். 47 பேர் இறந்தார்கள். அன்று கதவு இவ்வளவு கனமாகவும் இல்லை. கதவு கனக்கக் கனக்க, இன்டர்காமை எடுக்கும் துணிச்சல் கேபின் குழுவுக்கு அதிகம் வேண்டும். "இதைப் போய்ச் சொல்லணுமா" என்று தயங்காமல் சொல்லலாம் என்ற எண்ணத்தை, கிளம்பும் முன் நடக்கும் ஐந்து நிமிடக் கூட்டத்திலேயே கேப்டன் உண்டாக்க வேண்டும். பெயர் கேட்டு, முகம் பார்த்துப் பேசும் கேப்டனுடன் பறக்கும் நாளில் நான் இரண்டு முறை அதிகமாகக் கூப்பிட்டிருக்கிறேன்.

என் பிள்ளைக்குக் காக்பிட்டைப் பார்க்க ரொம்ப ஆசை. வழியே இல்லையா?

இருக்கிறது. தரையில் நிற்கும்போது கேளுங்கள். ஏறும் நேரத்தில் விமானிகளுக்குத் தலைக்கு மேல் வேலை, அதனால் இறங்கும் நேரம்தான் நல்லது. எல்லோரும் இறங்கட்டும், இன்ஜின் நின்றிருக்கும், வெளிக்கதவு திறந்திருக்கும். கேபின் குழுவில் ஒருவரிடம் சொன்னால் அவர் உள்ளே கேட்டுச் சொல்வார். அடுத்த பயணத்துக்கு நேரமாகிவிட்டால் முடியாது என்பார்கள், நிறுவனத்தின் விதி இடம் தராவிட்டாலும் முடியாது, மனம் வருத்தப்பட வேண்டாம். முடியும் என்றால் பிள்ளையை முன்னால் விட்டு நீங்கள் பின்னால் நில்லுங்கள், விமானி சொல்லாமல் எதையும் தொட விடாதீர்கள். கேள்வி ஏதாவது இருந்தால் முன்பே யோசித்து வரச் சொல்லுங்கள், உள்ளே போனதும் பல பிள்ளைகளுக்குப் பேச்சே வருவதில்லை.